வென்டிலேட்டரை நிறுத்தச் சொல்வது யார்? பெரியப்பா ஐசியூவில், வீட்டில் இரண்டு கட்சி

கன்னங்குறிச்சி_பேரன்

சேலத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம் என்பதால் இங்கே கேட்கிறேன். பெரியப்பாவுக்கு 78 வயது. மூளையில் பெரிய ரத்தக்கசிவு. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். கண் திறக்கவில்லை. கிள்ளினால் கையை லேசாக இழுக்கிறார், அவ்வளவுதான். "உயிர் தங்கினாலும் எழுந்து பேசுகிற ஆளாகத் திரும்ப மாட்டார்" என்று நரம்பியல் டாக்டர் சொல்லிவிட்டார்.

இத்தனை வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அவர் மகள், எங்கள் அக்கா, "போதும், அவரை விட்டுவிடலாம்" என்கிறாள். துபாயில் இருக்கும் அவர் மகன், எங்கள் அண்ணன், "கடைசி வரை பார்ப்போம், பணம் நான் அனுப்புகிறேன்" என்கிறார். பெரியம்மா யார் பேசினாலும் தலையாட்டுகிறார். பெரியப்பா நன்றாக இருந்த காலத்தில் "என்னைக் குழாய் மாட்டிப் படுக்கப்போட்டு வைக்காதீங்கடா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர்தான். எழுதி மட்டும் வைக்கவில்லை.

மருத்துவமனையில் சொல்லும் வழி: கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். இது சட்டப்படி சரியா? கருணைக்கொலை என்று நாளைக்கு யாராவது கேஸ் போட முடியுமா? சட்டம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள், நியாயம் பேசுகிறவர்களும் சொல்லுங்கள்.

ஐசியூ_சிஸ்டர்

தம்பி, சட்டம் அப்புறம். கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனால் என்ன நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்க.

"மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று ஒரு தாள் கொடுப்பார்கள். கூட்டிப்போகச் சொன்னதே அவர்கள்தான். தாளில் மட்டும் அது உங்கள் பிடிவாதமாகிவிடும். பிறகு ஆம்புலன்ஸ் வரும். வாயில் குழாய் அப்படியே இருக்க, டெக்னீஷியன் பையன் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வருவான். வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். கூடத்தில் பாய் விரித்து இறக்கி வைத்து, அந்தப் பையனே குழாயை உருவிவிட்டுக் கிளம்பிவிடுவான். உயிர் உடனே போனால் சரி. ஒரு ராத்திரி இழுத்தால் என்ன செய்வீர்கள்? ஐசியூவில் ஊசி வழியாக ஏறிக்கொண்டிருந்த வலி மருந்தும் மயக்க மருந்தும் அந்த வாசலோடு நின்றிருக்கும். தொண்டையில் சளி கரகரக்கும், மூச்சு மேலே இழுக்கும். அக்கம்பக்கத்தார் "இன்னும் போகலையா" என்று எட்டிப் பார்ப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிலர் பிறகு என்னிடமே வந்து, "நாங்கதான் கொன்னுட்டோமா சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வீட்டில்தான் சாக வேண்டும் என்று நினைப்பதைத் தப்பு சொல்லவில்லை. நான்கூட அப்படித்தான் நினைக்கிறேன். வெளியே செத்தவரின் உடலை ஊருக்குள் விடாத கிராமங்களும் உண்டு. ஆனால் மருந்தும் இல்லாமல், சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லாமல் அனுப்பிவிடுவதைக் கண்ணியமான சாவு என்று யாரும் சொல்லாதீங்க.

அஸ்தம்பட்டி_வக்கீல்

சட்ட நிலவரத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

விஷ ஊசி போட்டு ஒருவரின் உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். நோயாளியே கெஞ்சிக் கேட்டிருந்தாலும் குற்றம்தான். இனிப் பயன் இல்லாத சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதும், தொடங்கியதை நிறுத்துவதும் வேறு விஷயம். அதற்கு உச்ச நீதிமன்றம் வழி வைத்திருக்கிறது.

அருணா ஷான்பாக் பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். மும்பை கெம் மருத்துவமனையில் நர்ஸ். 1973 நவம்பரில் அங்கேயே ஒரு ஊழியரால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும் வரை அதே மருத்துவமனைப் படுக்கையில்தான் இருந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி போட்ட மனுவை 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அத்தனை வருடம் ஒரு படுக்கைப்புண் இல்லாமல் பார்த்துக்கொண்ட நர்சுகள் "அவர் எங்கள் பொறுப்பு, விடமாட்டோம்" என்றார்கள். அவருக்காகப் பேசும் உரிமை அவர்களுக்குத்தான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தது.

அடுத்தது 2018 மார்ச் 9, 'காமன் காஸ்' என்ற தொண்டு அமைப்பு போட்ட வழக்கு. ஐந்து நீதிபதிகள். கண்ணியமாக இறப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி, ஒருவர் தன் கடைசிக்கால சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். ஆனால் மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் உயில், இரண்டு மருத்துவக் குழு, மாஜிஸ்ட்ரேட் மருத்துவமனைக்கே வந்து பார்ப்பது என்று படிகளை அடுக்கியதில் நடைமுறைக்கு ஆகவில்லை. 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதை இளக்கியது.

உங்கள் பெரியப்பா விஷயத்தில், எழுத்து இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. சிகிச்சை தரும் டாக்டர், கூடவே குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் சேர்ந்து முதல் குழு. மருத்துவமனைதான் அமைக்க வேண்டும். குடும்பத்தாரிடம் எல்லாவற்றையும் விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பிறகு, முதல் குழுவில் இல்லாத மூன்று பேர் கொண்ட இரண்டாம் குழு. அதில் ஒருவரை மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால், மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டு நிறுத்தலாம். ஒத்துப்போகாவிட்டால் உயர் நீதிமன்றம்.

நடைமுறையில் இடறும் இடம் ஒன்று உண்டு. தீர்ப்பில் சொன்ன அந்தத் தலைமை மருத்துவ அதிகாரி பதவி வட மாநிலங்களில் இருக்கிறது. நம் மாவட்டங்களில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், சுகாதார அலுவலர் என்று அதிகாரம் பிரிந்து கிடக்கிறது. "யாரிடம் எழுதிக் கேட்பது?" என்று மருத்துவமனை நிர்வாகம் என்னையே கேட்டது உண்டு. வழி தெரியாததால்தான் தாளை நீட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கேஸ் வருமா என்ற கேள்விக்கு: இந்த முறைப்படி செய்தால் டாக்டருக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. கூட்டிக்கொண்டு போனதற்காகக் குடும்பத்தின் மேல் வழக்கு வந்து நான் பார்த்ததில்லை. அதற்காக அது சரியான முறை ஆகிவிடாது. சிஸ்டர் சொன்னதே போதும்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

எல்லோரும் நல்லவர்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் கெட்டவர்களை வைத்துப் பேசுகிறேன்.

வெள்ளிப் பட்டறைத் தெருவில் வளர்ந்தவன் நான். அப்பன் மூச்சு இருக்கும்போதே பட்டறை யாருக்கு என்று பஞ்சாயத்து வைத்த பிள்ளைகளைப் பார்த்தவன். விருதுநகர் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்ததே, மறந்துவிட்டதா? படுக்கையில் கிடக்கும் கிழவனுக்கும் கிழவிக்கும் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து அனுப்பி வைத்த பழக்கம். அங்கேயும் "கஷ்டப்படுறாங்க, போகட்டும்" என்றுதான் சொன்னார்கள். யார் கஷ்டம்? பார்த்துக்கொள்கிறவர்கள் கஷ்டம். இப்போது அதற்கு உச்ச நீதிமன்ற முத்திரை வேறு.

இன்னொன்று. ஐசியூ பில்லைப் பார்த்துத்தான் இங்கே பாதிப் பேருக்குக் கண்ணியம் ஞாபகம் வருகிறது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்கிறார்கள், அதில் வராத செலவும் நாளும் நிறைய. தாலியை அடகு வைத்தவன் "நிறுத்திவிடுங்கள்" என்று சொன்னால் அது அவன் விருப்பமா?

நெறியாளர்

மருத்துவமனைப் பெயர், டாக்டர் பெயர் எழுத வேண்டாம். அப்படி எழுதிய ஒரு பதிவு நீக்கப்பட்டது. செவ்வாய்ப்பேட்டை நண்பரே, கேள்வி கேட்டவரின் குடும்பத்தைக் குற்றம் சொல்வது போலப் படாமல் எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

தம்பி குடும்பத்தைச் சொல்லவில்லை. ஊரைச் சொன்னேன்.

ஏற்காட்டு_மிளகுக்கொடி

மலை மேலே இருந்து எழுதுகிறேன். உங்கள் விவாதம் எங்களுக்குக் கொஞ்சம் ஆடம்பரமாகத் தெரிகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. அதற்கு முன்னால் உள்கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வர வேண்டும். மலையாளி பழங்குடி மக்கள் இருக்கும் சில ஊர்களிலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு வருவார்கள். இங்கே பெரும்பாலானவர்கள் வென்டிலேட்டரைப் பார்க்காமலே சாகிறார்கள். எங்கள் தோட்டத்தில் காப்பி பறித்த ஒரு அக்காவுக்கு வாயில் புற்று. கீழே போய்ப் பார்த்தார்கள், "முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்து எதைக் கொண்டு பார்ப்பது? பாராசிட்டமால் இருந்தது. கடைசி மாதம் அந்த அக்கா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். "ஏதாவது கொடுத்து என்னை முடிச்சிருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். கருணைக்கொலை கேட்டார் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அவர் வலி மாத்திரை கேட்டதாகத்தான் பட்டது.

நான் கத்தோலிக்கன். கொல்வது பாவம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாக் கருவியையும் மாட்டியே ஆக வேண்டும் என்று எங்கள் சபையும் சொல்லவில்லை. 1957இலேயே போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்), மயக்க மருந்து டாக்டர்களிடம் பேசும்போது, நோயாளிக்கோ குடும்பத்துக்கோ தாங்க முடியாத பாரமாகும் அசாதாரண வழிகளைக் கையாளும் கடமை யாருக்கும் இல்லை என்றார். 1980இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையும் அதையே சொல்கிறது. எங்கள் பங்குக் கோயிலிலேயே பலருக்கு இது தெரியாது. "கடவுள் கொடுத்த உயிர்" என்று சொல்லிக்கொண்டு பாட்டியை மூன்று மருத்துவமனை சுற்றுவார்கள்.

வலிநிவாரண_டாக்டர்

ஏற்காட்டு நண்பர் சொன்ன அக்காவுக்குத் தேவைப்பட்டது மார்ஃபின் மாத்திரை. விலை மிகக் குறைவு. 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. இவ்வளவுதான் அடிப்படை. இது ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பெரிய கதை உண்டு. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரனைப் பிடிக்க எழுதப்பட்டது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்கப் பல துறைகளில் பல உரிமம் எடுக்க வேண்டியிருந்ததால், பாதிப் பேர் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் எழுதாமலே படித்து முடித்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உட்பட 6 மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் வைத்து உரிமத்தை எளிமையாக்கினார்கள். சட்டம் மாறிவிட்டது, கை இன்னும் பழகவில்லை.

கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் வலிநிவாரணச் சேவையை ஆரம்பித்தார்கள். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களையே பயிற்றுவித்து, படுக்கையில் இருப்பவர்களைத் தேடிப் போக வைத்தார்கள். 2008இல் அந்த மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கையும் கொண்டுவந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் நம் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்தச் சேவை இருக்கிறது. நர்ஸ் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்பார்கள். வலிக்கு ஏற்றபடி படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தால் அப்படி ஆவதில்லை. நன்றாகத் தூங்குவார், அதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அப்புறம் சாப்பாடு. இதைத்தான் பிள்ளைகளுக்குத் தாங்கவே முடியாது, "பட்டினி போட்டுச் சாகடிக்கிறோமா" என்று அழுவார்கள். உடல் மூடிக்கொண்டு வரும் கடைசி நாட்களில் பசி இருக்காது. அப்போது டிரிப்ஸ் ஏற்றினால் அது நுரையீரலில் தேங்கி, சிஸ்டர் சொன்ன அந்தக் கரகரப்பைக் கூட்டும். உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்தால் போதும். நம் வீடுகளில் பேரன் பேத்திகள் வரிசையாக வந்து பால் ஊற்றுவது வழக்கம்தானே? அதைத் தடுக்காதீர்கள். ஆனால் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றாமல், பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் சொல்லுங்கள். புரையேறாது.

பதிவைத் தொடங்கியவருக்கு: கிள்ளினால் கை இழுக்கிறார் என்றால் உங்கள் பெரியப்பாவுக்கு மூளைச்சாவு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மூளைச்சாவு என்பது 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி சாவேதான். உறுப்பு தானம் செய்தவர்களுக்கு நம் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துவது அந்த நிலையில்தான். உங்கள் கேள்வி வேறு.

கன்னங்குறிச்சி_பேரன்

ரொம்ப நன்றி டாக்டர். அண்ணனோடு வீடியோ காலில் பேசினோம். பேச்சு தடித்துவிட்டது. "நான் பணம் தர்றேன்கிறேன், நீங்க ஏன் அவசரப்படறீங்க?" என்றார். அக்கா, "நீ பணம் தர்றே, நான் அவரைத் தர்றேன், ரெண்டுல எது பெருசு?" என்று போனை வைத்துவிட்டாள். இனிக் குடும்பச் சம்மதம் என்று எதை வாங்குவது?

ஐசியூ_சிஸ்டர்

எங்கள் வார்டில் இது சகஜம் தம்பி. தூரத்தில் இருக்கிற பிள்ளைதான் எல்லாவற்றையும் செய்யச் சொல்லும். அது குற்ற உணர்வு, கெட்ட எண்ணம் இல்லை. அவர் கடைசியாகப் பார்த்த அப்பா விமான நிலையத்தில் கையசைத்தவர். அக்கா பார்க்கிற அப்பா வேறு ஆள். அவரை ஒரு தடவை ஊருக்கு வந்து படுக்கைப் பக்கத்தில் அரை மணி நேரம் நிற்கச் சொல்லுங்க. எந்த டாக்டர் பேச்சைவிடவும் அது வேலை செய்யும்.

பழைய_வாத்தியார்

எல்லோரும் ஒரு கோட்டை மதித்துக்கொண்டு பேசுகிறோம்: நிறுத்தலாம், ஊசி போடக் கூடாது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிவதே இல்லை.

வென்டிலேட்டரை எடுத்தால் இறந்துவிடுவார் என்று தெரிந்துதான் எடுக்கிறோம். அவர் இறக்க வேண்டும் என்பதற்காகவே எடுக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். அந்த இறப்பு ஒரு மணி நேரமோ ஒரு நாளோ இழுக்கும். ஒரு ஊசியில் முடிந்தால் அந்த இழுவை இல்லை. விளைவு ஒன்று, எண்ணம் ஒன்று, வேதனை மட்டும் ஊசியில் குறைவு. பிறகு ஏன் ஒன்று கண்ணியம், இன்னொன்று கொலை? நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இலேயே இதை ஏற்றுக்கொண்டன. கனடா 2016இல் அனுமதித்தது. சுவிட்சர்லாந்தில் மருந்தை நோயாளி தன் கையால் எடுத்துக்கொள்ள உதவலாம். 104 வயது ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் குட்ஆல் 2018இல் அதற்காகவே அங்கே போனார்.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: பிள்ளைகளோடு பகை மூண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல், உயிர் விட்டதைக் குற்றம் என்று நம் புலவர்கள் யாரும் பாடவில்லை. பிசிராந்தையார் தேடி வந்து கூடவே அமர்ந்தார். சேலத்தில் கடை வைத்திருக்கும் ராஜஸ்தான் ஜைனக் குடும்பங்களைக் கேளுங்கள், உண்ணாமல் இருந்து உயிர் விடும் சந்தாரா நோன்பை எவ்வளவு பயபக்தியோடு பேசுவார்கள் என்று. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலை என்றது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது.

ஐசியூ_சிஸ்டர்

வாத்தியார் ஐயா, அந்த ஊசியை நீங்கள் போட மாட்டீர்கள். சட்டம் அனுமதித்தாலும் டாக்டர் எழுதிவிட்டுப் போவார். போடுவது நான். குழாயை எடுத்தால் நோய் அதன் வழியில் போகிறது என்று எனக்கு ஒரு பிடி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் ராத்திரி டியூட்டி பார்க்கிறேன். விளைவு ஒன்றுதான் என்று நீங்கள் வகுப்பில் நிரூபிக்கலாம். என் கை ஒத்துக்கொள்ளாது.

பழைய_வாத்தியார்

உங்கள் கையை நான் மதிக்கிறேன் அம்மா. ஆனால் உங்கள் கை நடுங்குகிறது என்பதால் நோயாளி கூடுதலாக வேதனைப்படுவது நியாயமா என்றும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

வலிநிவாரண_டாக்டர்

அந்தக் கூடுதல் வேதனையே இருக்கக் கூடாது என்பதுதான் என் வேலை ஐயா. குழாயை எடுப்பதற்கு முன்பே மார்ஃபினும் தூக்க மருந்தும் கொடுத்து, மூச்சுத்திணறல் தெரியாதபடி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு மேலும் அடங்காத வேதனை வெகு சிலருக்கு வரும், அவர்களை ஆழ்ந்த தூக்கத்தில் வைக்கலாம், அதற்கும் சட்டத்தில் தடை இல்லை. ஊசியும் வென்டிலேட்டரும் ஒன்றுதான் என்ற உங்கள் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் வலி மாத்திரையே போய்ச் சேராத மலைக்கிராமத்துக்கு விஷ ஊசி உரிமை முதலில் போய்ச் சேர்ந்தால், ஏற்காட்டு நண்பர் சொன்ன அந்த அக்கா எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அதைத் தேர்வு என்று சொல்ல என்னால் முடியாது.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

டாக்டர் சொன்ன கடைசி வரியைத்தான் நானும் சொல்கிறேன். பணம் இல்லாதவனுக்கு மாத்திரையும் கிடைக்காது, ஐசியூவும் கிடைக்காது, சாவு மட்டும் இலவசம்.

கோப்பெருஞ்சோழன் அரசன் வாத்தியாரே. அவனுக்கு ஆஸ்பத்திரி பில் வரவில்லை.

அஸ்தம்பட்டி_வக்கீல்

வாத்தியார் கேட்ட கோட்டைப் பற்றி நீதிமன்றங்களும் குழம்பியிருக்கின்றன. 1994இல் ரத்தினம் வழக்கில், வாழும் உரிமைக்குள் சாகும் உரிமையும் உண்டு என்று சொல்லி, தற்கொலை முயற்சியைத் தண்டிக்கும் 309ஆம் பிரிவையே செல்லாது என்றார்கள். இரண்டே வருடத்தில், 1996இல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள். சாகும் உரிமை கிடையாது, ஆனால் இயற்கையான சாவு ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஒருவர் கண்ணியத்தோடு போவது வாழும் உரிமையில் சேரும் என்றார்கள். 2018 தீர்ப்பு நிற்பது அந்த ஒரு வரியின் மேல்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 பொதுவாக இல்லை. தற்கொலைக்கு உடந்தை என்ற குற்றம் 108ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. அதனால் சுவிட்சர்லாந்து பாணி உதவி இங்கே ஜெயிலில்தான் கொண்டுபோய் விடும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரரின் பயம் நியாயமானது. என்னிடம் வந்த சொத்து வழக்குகளைப் பார்த்தால் எனக்கும் அந்தப் பயம் வருகிறது. ஆனால் குடும்பத்துக்கு வெளியே உள்ள டாக்டர்கள் இரண்டு குழுவாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்று வைத்ததே அந்தப் பயத்துக்காகத்தான். கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகும் முறையில் யார் கேள்வி கேட்கிறார்கள்? கெட்ட பிள்ளைக்கு வசதி அதில்தான் அதிகம்.

வலிநிவாரண_டாக்டர்

கன்னங்குறிச்சித் தம்பிக்கு ஒரு யோசனை. அண்ணனையும் அக்காவையும் "நிறுத்துவதா தொடர்வதா" என்று கேட்காதீர்கள். மருத்துவமனையில் குடும்பக் கூட்டம் ஒன்று கேளுங்கள், அண்ணனைப் போனில் சேருங்கள். சிகிச்சைக்கு ஒரு கெடு வையுங்கள். இன்ன நாள் வரை முழு சிகிச்சை, அதற்குள் கண் திறக்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா, தானாக மூச்சு விடுகிறாரா என்று டாக்டர் எதைப் பார்ப்பார் என்பதை முன்னாலேயே சொல்ல வேண்டும். முன்னேற்றம் இருந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் அப்போது குழு அமைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அண்ணனுக்கு முயன்றோம் என்ற நிம்மதி, அக்காவுக்கு ஒரு கடைசித் தேதி.

இன்னொன்று, இப்போதே பேசி முடிவு செய்ய வேண்டியது. இடையில் இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திக் கரன்ட் கொடுப்பதா வேண்டாமா? இதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இந்த வயதில் நெஞ்சை அழுத்தினால் விலா எலும்பு உடையும், திரும்பி வந்தாலும் இதே படுக்கைக்குத்தான் வருவார். அதை வேண்டாம் என்று சொல்வது வென்டிலேட்டரை நிறுத்துவது ஆகாது.

கன்னங்குறிச்சி_பேரன்

கூட்டம் நடந்தது. அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டார், வெள்ளிக்கிழமை கோவை வழியாக வருகிறார். அடுத்த புதன் வரை பார்ப்பது என்று முடிவு. நெஞ்சை அழுத்த வேண்டாம் என்பதில் மட்டும் மூன்று பேரும் உடனே ஒத்துப்போனார்கள், அது எனக்கே ஆச்சரியம். "என்னைக் குழாய் மாட்டி வைக்காதீங்கடா" என்று பெரியப்பா சொன்னதைக் கேட்டவர்கள் யார் யார் என்று டாக்டர் கேட்டுக் குறிப்பில் எழுதிக்கொண்டார். இரண்டாம் குழுவுக்கு யாரைக் கேட்பது என்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. வக்கீல் சார் சொன்ன இணை இயக்குநர் அலுவலகத்துக்கு இப்போதே கடிதம் அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

ஏற்காட்டு_மிளகுக்கொடி

நல்லது தம்பி. வக்கீல் சாரிடம் என் கேள்வி: எனக்கு இப்போது ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். எழுதி வைக்க வேண்டுமானால் என்ன செய்வது? இதற்காகச் சேலம் கோர்ட்டுக்கு இறங்கி வர வேண்டுமா?

அஸ்தம்பட்டி_வக்கீல்

வேண்டாம். 2023க்குப் பிறகு மாஜிஸ்ட்ரேட் முன்னால் போக வேண்டியதில்லை. 18 வயது முடிந்து, புத்தி தெளிவாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதினால் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், நோட்டரி அல்லது பச்சை மையில் கையெழுத்துப் போடும் அரசு அதிகாரி ஒருவர் சான்றளிக்க வேண்டும். ஏற்காடு தாலுகா என்பதால் தாசில்தார் அங்கேயே இருக்கிறார், அவரைக் கேட்டுப் பாருங்கள்.

எழுதும்போது "அசாதாரண சிகிச்சை வேண்டாம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஒவ்வொரு டாக்டரும் அதை ஒவ்வொரு விதமாகப் படிப்பார். குணமாக வழியில்லை, நினைவு திரும்பாது என்று டாக்டர்கள் உறுதி செய்த பிறகு வென்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், மூக்குக்குழாய் உணவு வேண்டுமா வேண்டாமா, வலி மருந்து எவ்வளவு தேவையோ அவ்வளவும் வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். உங்கள் சார்பில் பேசப்போகிறவர்களின் பெயரையும் எழுத வேண்டும். பிரதிகளை அவர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. வாங்கி வைக்கும் அதிகாரி யார் என்று அங்கே விழிப்பார்கள், கொடுத்ததற்கு ஒப்புதல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். சொத்து உயிலோடு சேர்த்து பேங்க் லாக்கரில் வைத்துவிடாதீர்கள், லாக்கரைத் திறக்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம். பேசப்போகிறவர்கள் என்று மகனையும் மகளையும் எழுதி, அவர்கள் தம்பி வீட்டு மாதிரி சண்டை போட்டால்?

அஸ்தம்பட்டி_வக்கீல்

இரண்டு பேர் பெயரை எழுதினால் முதலில் யார், அவர் கிடைக்காவிட்டால் அடுத்து யார், கருத்து மாறினால் யார் சொல் நிற்கும் என்று அந்தத் தாளிலேயே வரிசை போட்டுவிடுங்கள். கூட இருந்து பார்க்கப்போகிறவரை முதலில் எழுதுங்கள், மூத்தவர் என்பதற்காக எழுதாதீர்கள். எழுதிய அன்றே இரண்டு பேரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். சண்டை போடுவதாக இருந்தால் அப்போதே உங்கள் முன்னால் போடட்டும்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

எனக்கு மகள்தான் பக்கத்தில் இருக்கிறாள், அம்மாபேட்டையில். மருமகன் சாட்சி போடலாமா, வெளி ஆள் வேண்டுமா?

அஸ்தம்பட்டி_வக்கீல்

வெளி ஆளாகப் போடுங்கள். சொத்தில் பங்கு வரக்கூடிய யாரும் சாட்சியாக வேண்டாம். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் அங்கேதான் கை வைப்பார்கள். பட்டறைத் தெருவில் உங்களை நன்றாகத் தெரிந்தவர்கள், உங்களைவிட வயதில் சின்னவர்கள் இரண்டு பேராகப் பாருங்கள்.